எடை தொலைந்த அட்டவணை: சுங்கை சிப்புட் ஆட்டக் குழுவின் ஒரு பகிர்வு அனுபவம்

கிள்ளானிலிருந்து வந்த கேள்வி ஒரே வரிதான். "அண்ணே, உங்க தோட்டத்துல மழையே பெய்யாதா? புலி மட்டும் ரெண்டு தடவ வந்துருச்சி."

கேட்டது, ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து கதையை நடத்தும் பாத்திர ஆட்டம் ஆடுகிற ஒரு குழு. அன்று அவர்கள் ரோல்20 என்ற இணைய மேசையில் எங்களுடைய 'தோட்டத்து விடியல்' அட்டவணையை வைத்து ஆடியிருந்தார்கள்: பகடையை உருட்டினால், விழுந்த எண்ணுக்குரிய வரி அந்த விடியலில் நடக்கும். ஆட்டம் முழுவதும் பத்து முறை உருட்டியிருக்கிறார்கள். அதில் இரண்டு முறை புலி. முதல் புலிக்கு மேசையே நடுங்கியதாம். இரண்டாவது புலிக்கு ஒருவர், "சரி, அதே மாதிரி மரத்துல ஏறிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த காரியத்தைப் பார்க்கப் போய்விட்டார். பால்மர (ரப்பர்) காட்டின் மழையைப் பற்றி நாங்கள் அவ்வளவு எழுதியிருந்தும் ஒரு சொட்டு விழவில்லை.

எங்கள் அட்டவணையில் புலிக்கு நூற்றில் ஒரு வாய்ப்புதான், மழைக்குப் பத்து. அப்படியிருக்க இது எப்படி நடந்தது என்று தேடிப் பார்த்ததில் தெரிந்ததெல்லாம் இங்கே இருக்கிறது. தமிழில் இப்படி அட்டவணை செய்து ஊர் ஊராகப் பகிர நினைக்கும் குழுக்களுக்கு இது உதவும்.

ஊரும் ஆட்டமும்

சுங்கை சிப்புட், ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் மாவட்டத்தில் இருக்கிற தோட்டப் பட்டணம். 1948 ஜூன் 16 அன்று இங்கே பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயாவில் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. மலாயா இந்தியக் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தனின் ஊரும் இதுதான். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம் இருந்தது. இப்போது பெரும்பாலும் செம்பனை (எண்ணெய்ப் பனை).

எங்கள் குழுவில் பாதிப் பேர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். மீதிப் பேர் சிங்கப்பூர், கோலாலம்பூர், ஜொகூர் என்று வேலைக்குப் போய்விட்டார்கள். அதனால் மேசை இணையத்தில்தான். ஃபவுண்டரி என்ற மென்பொருளை ஆட்ட நடத்துநர் மட்டும் ஒருமுறை பணம் கட்டி வாங்கியிருக்கிறார். மற்றவர்கள் உலாவியில் நுழைந்து உட்கார்ந்தால் போதும். வரைபடம், பகடை, பாத்திரத் தாள் எல்லாம் அங்கேயே இருக்கும், பேச்சு டிஸ்கார்டில்.

ஆடுகிற கதை 1950இல், எங்கள் ஊர்ப் பக்கம் இருப்பதாக நாங்களே கற்பனை செய்துகொண்ட ஒரு தோட்டத்தில் நடக்கிறது. பாத்திரங்கள் பால்வெட்டுக்காரர்கள், ஒரு கிராணி (எழுத்தர்), ஒரு மண்டோர் (மேற்பார்வையாளர்), லயத்துப் பிள்ளைகள் (லயம் என்றால் தொழிலாளர் வரிசை வீடு). அடையாளக் கார்டு சோதனை, ஊரடங்கு, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்ற கண்காணிப்பு. பிரிக்ஸ் திட்டத்தில் ஜனங்களைக் கம்பி வேலிக்குள் குடியேற்றத் தொடங்கிய வருடமும் அதுதான்.

இந்த மாதிரி ஆட்டத்துக்குத் தற்செயல் அட்டவணை உயிர்நாடி. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதல் பதிப்பிலேயே இந்த வழக்கம் இருக்கிறது. பாதாளத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு முகப் பகடையை உருட்ட வேண்டும், 6 விழுந்தால் அலைந்து திரியும் ஏதாவது ஒரு பூதம் எதிரே வரும். ஆறில் ஒன்று என்ற அந்தக் கணக்குக்கு ஒரு நோக்கம் உண்டு. சும்மா உட்கார்ந்து நேரத்தை வீணாக்கினால் ஆபத்து ஏறிக்கொண்டே போகும் என்று ஆடுபவர்களுக்கு அது உணர்த்துகிறது. என்ன வரும் என்பதைப் போலவே எத்தனை தடவைக்கு ஒருதரம் வரும் என்பதும் கதைதான்.

அட்டவணை உருவான விதம்

'தோட்டத்து விடியல்' நூறு முகப் பகடைக்கான அட்டவணை. மொத்தம் 24 வரிகள். அவற்றை நாங்கள் யோசித்து எழுதியதைவிடக் கேட்டு எழுதியது அதிகம். தாத்தாக்கள், பாட்டிகள், பெரியம்மாக்கள் சொன்னவை. 1 முதல் 12 வரை விழுந்தால் லயத்து நாய்கள் ஒரே திசையைப் பார்த்துக் குரைக்கும். 13 முதல் 22 வரை மழை. 23 முதல் 30 வரை பெரட்டில் (விடியற்காலைப் பேர்க் கணக்கெடுப்பில்) ஓர் ஆள் குறைகிறது, கங்காணி பேரைத் திரும்பக் கூப்பிடுகிறார். 31 முதல் 37 வரை உங்கள் நிரையில் யாரோ ஏற்கெனவே ஒட்டுப்பாலை (மரத்தில் காய்ந்து ஒட்டிய பாலை) உரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இப்படியே போய் 100இல் புலி.

மழைக்குப் பத்து கொடுத்ததைப் பற்றி மட்டும் நீண்ட விவாதம் நடந்தது. பால் வெட்டத் தெரிந்தவர்களுக்கு மழை என்றால் வெறும் வானிலை இல்லை. விடியலில்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டு. மழை பெய்து பட்டை நனைந்தால் பால் வெட்டுக் கோட்டில் இறங்காமல் மரம் முழுக்க வழிந்துவிடும், பால் பிடிக்கும் மங்கில் தண்ணீர் சேரும், அன்றைய சம்பளம் போச்சு. எங்கள் ஆட்டத்தில் மழை விழுந்தால் பாத்திரங்களின் கையிருப்புக் குறையும். கையிருப்புக் குறைந்தால் கடைக்காரரிடம் கடன், கடன் என்றால் அவருக்குச் செய்ய வேண்டிய ஓர் உதவி. மூன்று ஆட்டத்துக்கான கதை அந்த ஒரு வரியிலிருந்து கிளம்பும். மழையே வராத அட்டவணை எங்கள் கதையின் அடுப்பை அணைத்துவிடுகிறது.

புலி நேர்மாறு. தீம்பாரில் (மரக்காட்டில்) புலித் தடம் பார்த்த கதை ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்று இருக்கிறது, ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதனால்தான் இன்னும் சொல்கிறார்கள். இப்போது தீபகற்பக் காடுகளில் மலாயாப் புலி 150கூட இல்லை. ஆண்டு முழுக்க ஆடினாலும் வராமல் போகலாம், ஆனால் வரவே வராது என்று யாரும் நம்பிவிடவும் கூடாது. அந்த உணர்வுக்காகவே அதற்கு 1 கொடுத்தோம்.

கணக்குப் புரியாதவர்களுக்கும் இது புரியும் என்பதை எங்கள் நடத்துநரின் பாட்டியிடம்தான் கண்டோம். எண்களை எதற்குப் பக்கத்தில் எழுதுகிறோம் என்று கேட்டார். சொன்னதும், "தாயம் மாதிரிதானய்யா. தாயம் விழுந்தாத்தான காய் எறங்கும், அது எல்லாத் தடவையுமா விழும்?" என்றார். சரியான விளக்கம். இரண்டு தாயக்கட்டைகளிலும் 0, 1, 2, 3 என்று முகங்கள் இருந்தால், கூட்டி 1 வர பதினாறில் இரண்டு வழிதான், அதாவது எட்டில் ஒன்று. காய் இறங்காமல் தவிக்கிற தவிப்பு முழுவதும் அந்த எட்டில் ஒன்றில் இருக்கிறது.

எங்கே தொலைந்தது

ஃபவுண்டரியில் ஓர் அட்டவணையை முழுதாக ஏற்றுமதி செய்ய முடியும். வலது சொடுக்கில் தரவை ஏற்றுமதி செய்தால் ஜேசன் கோப்பு ஒன்று இறங்கும். இன்னொரு ஃபவுண்டரி உலகில் அதை இறக்குமதி செய்தால் வரிகள், எண் வரம்புகள், எடைகள் (ஒரு வரிக்கு எத்தனை பங்கு வாய்ப்பு என்ற எண்), பகடைச் சூத்திரம் எல்லாம் அப்படியே வந்துவிடும். ஈப்போவிலிருந்த ஒரு குழுவுக்கு இப்படிக் கொடுத்தோம், பெரிய சிக்கல் இல்லை.

கிள்ளான் குழு இலவச ரோல்20 கணக்கில் ஆடுகிறது. ரோல்20க்கு ஃபவுண்டரியின் ஜேசன் புரியாது. அங்கே உருட்டும் அட்டவணை என்றால் ஒவ்வொரு வரியையும் கையால் சேர்க்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுக்க வேண்டும். மொத்தமாக இறக்குமதி செய்ய உதவும் ஸ்கிரிப்ட்டுகள் இருக்கின்றன, ஆனால் அவற்றை ஓட்ட மேல்நிலைச் சந்தா வேண்டும். ஆகவே அட்டவணை வாட்ஸ்அப் வழியாக, வெறும் 24 வரிகளாகப் போனது. படிக்க அழகாக இருக்க வேண்டும் என்று முன்னாலிருந்த எண்கள் நீக்கப்பட்டிருந்தன. ரோல்20இல் புதிதாகச் சேர்க்கும் வரிக்கு எடை தானாகவே 1. எனவே எல்லா வரிகளும் சமமாகிவிட்டன.

இதன் விளைவு இதுதான். நாய், மழை, புலி எல்லாவற்றுக்கும் இருபத்து நான்கில் ஒன்று, அதாவது நூற்றுக்கு 4.2 போல. பத்து முறை உருட்டும் ஓர் ஆட்டத்தில் குறைந்தது ஒரு புலியாவது வரும் வாய்ப்பு, முன்பு 10 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. இப்போது ஏறக்குறைய 35. மழை பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை. ஆனாலும் அது வேறு தோட்டம்.

அட்டவணையைத் திறந்து பார்த்தபோது இன்னும் சில சேதங்கள் தெரிந்தன. 61 முதல் 70 வரைக்குரிய வரி, 'லயத்து வாசல்' என்ற இன்னோர் அட்டவணையை உருட்டச் சொல்கிறது. ஃபவுண்டரியில் அது தானாகவே உள்ளே போய் உருட்டிவிடும். வாட்ஸ்அப்பில் அது வெறும் "லயத்து வாசல்" என்ற இரண்டு சொற்களாகப் போயிருந்தது. கிள்ளான் நடத்துநர் பாவம், ஒவ்வொரு முறையும் "நீங்கள் லயத்து வாசலில் நிற்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் விழித்திருக்கிறார்.

வதந்தி அட்டவணையின் நிலைமை இன்னும் மோசம். அது இரண்டு ஆறுமுகப் பகடைகளைக் கூட்டி உருட்டுவது. கூட்டுத்தொகை 7 வர 36இல் 6 வழிகள், 2 வரவும் 12 வரவும் தலா ஒரு வழிதான். அதனால் 7இல் எல்லோரும் பேசும் வதந்தியை வைத்திருந்தோம், 12இல் கேட்டவர் வெளியே சொல்லப் பயப்படும் ஒன்றை. சமமாக்கியதும் அந்தப் பயங்கர வதந்தி கடைத்தெரு அரட்டைக்குச் சமமாகப் பரவியது. ரோல்20இல் பழைய வடிவத்தை மீட்க வழி சுலபம்தான், 2 முதல் 12 வரை எடைகளை 1, 2, 3, 4, 5, 6, 5, 4, 3, 2, 1 என்று கொடுத்தால் போதும். ஆனால் இரண்டு பகடை என்று எங்கேயும் எழுதாமல் அதை யார் ஊகிப்பார்கள்?

ஈப்போவுக்குப் போன ஜேசனிலும் ஓர் ஓட்டை இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் உலகத்தில் புலி வரி, புலியின் பாத்திரத் தாளுக்கு இணைக்கப்பட்டிருந்தது. அந்த இணைப்பு எங்கள் உலகத்தின் அடையாள எண்ணைச் சுமந்து போனது, ஈப்போ உலகில் அப்படி ஒரு தாளே இல்லை. ஈப்போக்காரர்களுக்கு இன்னும் 100 விழாததால் யாரும் கவனிக்கவில்லை.

பாட்டி சொன்ன 'வேண்டாம்'

எடை விஷயம் பேசிக்கொண்டிருந்தபோதே இன்னொன்றும் தீர்க்க வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால் இதுதான் இந்த நிகழ்வின் கனமான பகுதி.

அட்டவணையில் ஒரு வரி, பால்மரக் காட்டோரம் இருந்த ஒரு காவல் தெய்வத்தைப் பற்றியது. உண்மையான கோயில், உண்மையான பெயர், அங்கே நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவம். சொன்னவர் அதே பாட்டி. எங்கள் வீட்டு ஆட்டத்துக்குள் இருந்தவரை அவருக்கு ஒன்றும் மனக்குறை இல்லை. கிள்ளானில் யாரோ அதை வைத்து ஆடினார்கள் என்று தெரிந்ததும், "ஊர் பேர் தெரியாதவங்க கையில சாமி பேரக் குடுக்காதீங்கய்யா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தோட்டம் கைமாறி, மரம் வெட்டி, லயம் இடித்து, ஜனங்கள் பட்டணத்துக்குப் போன பிறகும் பல இடங்களில் மிஞ்சியிருப்பது கோயில் ஒன்றுதான். அந்தப் பெயரைப் பகடையில் விழுகிற ஒரு பயமுறுத்தலாகப் பரப்பும் உரிமை எங்களுக்கு யார் கொடுத்தது? கதை கேட்க அனுமதித்தவர்கள், கதையை ஊர் சுற்ற விடவும் அனுமதித்தார்கள் என்று ஆகாது. இன்னார் வீட்டு மாப்பிள்ளை கள்ளுக்கடையில் என்ன செய்தார் என்ற வரிக்கும் இதே நியாயம்தான். சிரிப்பாக இருந்தது, ஆனால் அந்தக் குடும்பம் இன்னும் ஊரில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டோம்.

தெய்வத்தின் வரியை அழிக்கவில்லை. வீட்டுப் பிரதியில் அப்படியே இருக்கிறது. பகிரும் பிரதியில் அந்த இடத்தை வெற்றாக விட்டு, "உங்கள் தோட்டத்துக் காவல் தெய்வம்: பெரியவர்களைக் கேட்டு நீங்களே எழுதுங்கள்" என்று போட்டோம். எடை அப்படியே 3.

இந்த வெற்று வரி இப்படி வேலை செய்யும் என்று யாரும் நினைக்கவில்லை. அதுவரை மற்றக் குழுக்கள் எங்கள் அட்டவணையை வாங்கி ஆடினார்கள், அவ்வளவுதான். வெற்று இடம் வந்த பிறகு அவர்களும் வீட்டில் போய்க் கேட்க ஆரம்பித்தார்கள். பஹாவிலிருந்து ஒருவர், தன் பெரியப்பா சொன்ன ஒரு விடியலை எழுதி அனுப்பினார். கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பால் வாளிகளைக் காண்டாவில் (தோளில் சுமக்கும் கம்பில்) தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் நிறுத்தி, பாலுக்குள் அரிசி இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்த ஒரு காலை. அது இப்போது அட்டவணையில் 84 முதல் 87 வரை இருக்கிறது. எங்கள் 24 வரிகளில் எதையும் விட அது நல்ல வரி.

இப்போது பகிரும் முறை

ஒரே மூலக் கோப்பு. ஃபவுண்டரியும் இல்லை, ரோல்20உம் இல்லை. எந்தக் கணினியிலும் திறக்கும் எளிய உரைக் கோப்பு. ஒரு வரிக்கு ஒரு பதிவு: தொடக்க எண், முடிவு எண், வாசகம், இது வேறு அட்டவணைக்குப் போகிறதா, யார் ஊர்க் கதை, ஏன் இந்த எண். கடைசி இரண்டு பத்திகளை (நெடுவரிசைகளை) சிலர் தேவையில்லாதவை என்றார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. "மழை 10, ஏனென்றால் மழை நாளில் சம்பளம் இல்லை" என்று எழுதியிருந்தால், செம்பனைக் காலத்துக் கதை ஆடுகிறவர் அந்த எண்ணைத் தெரிந்தே மாற்றலாம். காரணம் இல்லாத எண்ணை யாரும் மதிக்க மாட்டார்கள்.

பத்திகளைப் பிரிக்கக் காற்புள்ளியைப் பயன்படுத்துவதில்லை. நாங்கள் எழுதும் வாசகங்களிலேயே காற்புள்ளி நிறைய இருப்பதால் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பில் வாசகம் பாதியில் உடைந்து அடுத்த பத்திக்குள் போய்விடலாம். அதற்குப் பதில் டேப். எழுத்துரு விஷயத்தில் யூனிகோடு மட்டும், யூடிஎஃப்-8 குறியீட்டில். அதையும் எக்செலில் நேராக இருமுறை சொடுக்கித் திறந்தால் தமிழ் முழுக்கக் கிறுக்கல் எழுத்தாகத் தெரியலாம். தரவு இறக்குமதி வழியாகத் திறந்து யூடிஎஃப்-8 என்று சொல்லிவிட்டால் சரியாக வரும். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பழைய எழுத்துரு முறையில் தட்டிவைத்திருந்த தோட்டக் கதைகளைக் கொடுத்தார். அவற்றை மாற்றிகள் வழியாக யூனிகோடுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுத் திருத்த வேண்டியிருந்தது. வேலை அதிகம்தான், ஆனால் அந்தக் கோப்பில் இருந்தவை வேறெங்கும் கிடைக்காது.

ரோல்20காரர்களுக்கு எடை வேண்டும், வரம்பு உதவாது. முடிவு எண்ணிலிருந்து தொடக்க எண்ணைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் எடை. 13 முதல் 22 என்றால் 10. கோப்பின் மேலேயே இதை எழுதிவைத்திருக்கிறோம், வாட்ஸ்அப்பில் வெட்டி ஒட்டினாலும் கூடவே போகும்படி. திரும்பத் திரும்ப வரக் கூடாத வதந்திகளுக்குத் தனிக் குறிப்பு: ஃபவுண்டரியில், எடுத்த சீட்டைத் திரும்பக் கட்டில் சேர்க்காமல் எடுக்கும் வசதி உண்டு, அதை இயக்கிக்கொள்ளச் சொல்கிறோம்.

உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ், பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிரும் வகை, 4.0. மாற்றலாம், சேர்க்கலாம், ஆனால் சேர்த்ததும் இதேபோலத் திறந்தே இருக்க வேண்டும். 2023 ஜனவரியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பழைய திறந்த உரிமத்தை மாற்றப் போகிறார்கள் என்ற செய்தி கசிந்து உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியதை ஆடுகிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதக் கடைசியில் அதன் அடிப்படை விதித் தொகுப்பின் 5.1 பதிப்பு, பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. எங்கள் புலியின் எண்கள் அந்தத் தொகுப்பிலிருந்து எடுத்தவை. எனவே புலித் தாளைத் தனிக் கோப்பாக்கி, அதற்குரிய நன்றிக் குறிப்பை அதிலேயே வைத்து, அட்டவணையோடு சேர்த்து அனுப்புகிறோம். ஈப்போ இணைப்பின் ஓட்டையும் அப்படித்தான் அடைபட்டது.

கிள்ளான் குழு புதிய பிரதியை வாங்கி எடைகளை உட்கார்ந்து கையால் ஏற்றியது. அடுத்த ஆட்டத்தின் முதல் உருட்டலே மழை. இப்போது அவர்கள் கேட்பது வேறு. மேற்குக் கரையில் ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும்தானே மழை கொட்டும், வருடம் முழுக்க எதற்குப் பத்து என்கிறார்கள். சரியான கேள்வி. மாதத்துக்கு ஏற்ப மழைக்கு 6 அல்லது 16 என்று இரண்டு பிரதிகள் தயாராகின்றன. நவம்பர்ப் பிரதிக்கு வேண்டிய ஆறு எண்களை நாய் வரியிலிருந்து எடுப்பதா, ஒட்டுப்பால் வரியிலிருந்து எடுப்பதா என்பதில்தான் இன்னும் முடிவு வரவில்லை.